கோலாக் கொட்டையும் வெற்றிலைத் தட்டும்

கேள்வி:

வணக்கம் சேர். கொட்டகலைப் பக்கம் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் வெளிவாரிப் பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் எடுக்கிறேன். இந்த வருடம் 'பின்காலனிய உலக இலக்கியமும் சினிமாவும்' என்ற பாடத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். வகுப்பில் 26 பேர். முக்கால்வாசி தோட்டத்துப் பிள்ளைகள், கொஞ்சம் டவுன் பிள்ளைகள், மூன்று பேர் கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள். போன தவணை நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபேயின் 'Things Fall Apart' நாவலை எடுத்தேன். பாதிப் பேர் "என்ன மிஸ், காட்டுவாசிங்க மாதிரி" என்று சிரித்தார்கள். மற்றப் பாதி "அப்படியே நம்ம தோட்டம்தான் மிஸ்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அடுத்து கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, அதற்கப்புறம் செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனின் படம். நான் கடல் தாண்டியதே ஒரு தடவைதான், அதுவும் திருச்சிக்கு. பார்க்காத ஊரை எப்படிப் படிப்பிப்பது? பின்னணி என்று எவ்வளவு சொல்ல வேண்டும்? நம்முடைய மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஒரு பையன் கேட்டான், என்னிடம் பதில் இல்லை.

ஓர் ஆசிரியை, கொட்டகலை

பதில்:

டீச்சர், உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் திருச்சி வரிதான். நான் முப்பது வருடத்துக்கு மேல் இதே சரக்கைத்தான் விற்றேன், ஆனால் ஆப்பிரிக்க மண்ணை மிதித்ததில்லை. லாகோஸும் டக்காரும் எனக்குச் சுவரில் தொங்கிய மாப்பில்தான் பழக்கம். ஆகவே அந்தக் கூடையை முதலில் இறக்கி வையுங்கள். அச்சிபே எழுதியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்து நைஜீரியாவில் இக்போ மக்களின் ஊர். அவர் பிறந்ததோ 1930 இல், அதுவும் கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் வீட்டில். பழைய சடங்குகள் நடந்ததெல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளில். அதாவது எழுதினவரே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துத்தான் அந்த ஊரைக் கட்டினார். நம் பாரதியும் பிஜித் தீவுக்குப் போனவரில்லை, இருந்தும் அங்கத்தைய கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடினார். (அந்தப் பாட்டில் அவர்கள் விம்மி விம்மி அழுகிறார்கள், தாங்களாகப் பேசுவதில்லை. போகாத ஊரைப் பற்றி எழுதும்போது எது கைநழுவும் என்பதற்கு அதுவே நல்ல உதாரணம், வகுப்பில் பாவிக்கலாம்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் சிரித்த பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு மற்றப் பாதியை நினைத்துத்தான் கவலை. சிரித்தவனுக்கு ஏதோ ஓரிடத்தில் இடித்திருக்கிறது, அதனால்தான் சிரித்தான். "நம்ம தோட்டம்தான் மிஸ்" என்றவனுக்கு ஒன்றுமே இடிக்கவில்லை, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தன் வீட்டையே இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இந்தப் பதில் ஆசிரியருக்கு இனிக்கும். பிள்ளைகள் ஒன்றிவிட்டார்கள் என்று நாமும் சந்தோஷமாக அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவோம். நான் பல வருடம் அப்படிப் போனவன்.

நாவலின் முதல் அத்தியாயத்தையே எடுங்கள். ஒக்கோயே என்பவர் உனோகாவின் வீட்டுக்கு வருகிறார், கதாநாயகன் ஒகொன்க்வோவின் அப்பாதான் இந்த உனோகா. கோலாக் கொட்டை வருகிறது, கூடவே ஒரு வகை மிளகும் வெள்ளைச் சுண்ணக்கட்டியும். இதைக் கண்டதும் உங்கள் வகுப்பில் யாராவது 'வெற்றிலைத் தட்டு' என்று சொல்லியே தீருவார்கள். சொல்லட்டும். மறுக்காதீர்கள், ஆமாம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, உங்கள் லயத்தில் வெற்றிலைத் தட்டு எப்போதெல்லாம் வரும் என்று கேளுங்கள். பரிசம் போட, கல்யாணத்துக்கு அழைக்க, தலைவர் வீட்டில் பஞ்சாயத்துப் பேச என்று நிறைய வரும், அன்றைக்கு வகுப்பு கலகலப்பாக இருக்கும். அப்புறம் திரும்பவும் அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். கொட்டையை யார் உடைப்பது என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நீ உடை, இல்லை நீ உடை என்று மல்லுக்கட்டுகிறார்கள். உடைப்பவர் உடைக்கும்போது முன்னோரைக் கூப்பிட்டு வேண்டுகிறார். நம் வீட்டில் வெற்றிலையை யாராவது வேண்டுதல் சொல்லி எடுக்கிறார்களா? நம் வெற்றிலை பெண்களின் மடியிலும் இருக்கிறது, மலையில் கொழுந்தெடுக்கும் ஆயா பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இடுப்புப் பையைத் தேடுவார். அந்தக் காட்சியில் பெண்கள் எங்கே? இந்தக் கேள்வியைப் போட்ட அன்றுதான் என் வகுப்பில் முதல் தடவையாகப் பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

அதோடு விட்டுவிடாதீர்கள், அந்தக் காட்சியின் உயிரே இனிமேல்தான். ஒக்கோயே வந்தது, தான் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க, 200 சோழி, அந்த ஊர்க் காசு அதுதான். நேரே கேட்கவில்லை, ஐந்தாறு பழமொழியைச் சுற்றி வளைத்துப் பேசிவிட்டுத்தான் கேட்கிறார். உனோகா சிரித்துவிட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் போட்டிருக்கும் கோடுகளைக் காட்டுகிறார், எல்லாம் இன்னின்னாருக்குத் தர வேண்டிய கடன், பெரிய கடனை முதலில் கொடுப்பேன் என்கிறார். கடைக்காரர் கொப்பியில் அப்பாவின் பெயர் ஏறிக் கிடக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். ஆனால் கணக்கு யார் கையில் இருக்கிறது என்று ஒரு கேள்வி போடுங்கள். நம்மிடம் கொப்பி கடைக்காரரிடம், பழைய காலத்தில் கங்காணியிடம். உனோகாவின் ஊரில் கடன் வாங்கினவனே தன் சுவரில் எழுதி வைத்திருக்கிறான். டவுன் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள் என்றீர்களே, அவர்களில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பேச விடுங்கள், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கப் போகிறவரின் கூச்சம் என்னவென்று அவர்களுக்குத்தான் தெரியும்.

'சி' என்ற சொல்லிலும் இதே விளையாட்டு நடக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் உரிய தெய்வம் போன்ற ஒன்று அது. பிள்ளைகள் உடனே குலதெய்வம் என்பார்கள், இன்னொருவர் தலையெழுத்து என்பார். தலையெழுத்து என்றால் நம் ஊரில் கதை முடிந்தது, அழித்து எழுத ஏலாது. ஆனால் நாவலிலேயே ஒரு பழமொழி வருகிறது, ஒரு மனுஷன் ஆம் என்று உறுதியாகச் சொன்னால் அவனுடைய சி-யும் ஆம் என்று சொல்லும் என்று. குலதெய்வம் குடும்பத்துக்குப் பொது, இதுவோ ஆளுக்கு ஒன்று. இரண்டு தமிழ்ச் சொல்லையும் வைத்துப் பார்த்து இரண்டும் பொருந்தவில்லை என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கும்போது, நீங்கள் ஒரு மணி நேரம் இக்போ சமயம் பற்றி நோட்ஸ் கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று கிடைத்துவிடும்.

திரும்பத் திரும்பப் பிறந்து இறந்து தாயை வதைக்கும் பிள்ளை, ஒக்பாஞ்சே, அதற்கும் எங்களிடம் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்து வந்ததைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பாயி, பிச்சை என்று பெயர் வைப்பது. உங்கள் வகுப்பில் யாராவது ஒருவரின் பாட்டிக்கு அப்படி ஒரு பெயர் இருக்கும், வருகை இடாப்பை எடுத்துக் கேட்காமல் விட்டால் அவர்களே சொல்வார்கள். ஆனால் நம் ஆட்கள் ஏமாற்றப் பார்ப்பது எமனை, பிள்ளை அப்பாவி. அங்கே பிள்ளையே குற்றவாளி, திரும்பி வரக்கூடாது என்று இறந்த குழந்தையின் உடம்பைச் சிதைக்கிறார்கள். வித்தியாசம் சின்னதா?

பின்னணி எவ்வளவு சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். முதல் நாளே நைஜீரியாவின் பரப்பளவு, சனத்தொகை, ஏற்றுமதிப் பொருள் என்று தொடங்காதீர்கள், அது சமூகக் கல்விப் பாடம். இடித்த பிறகு சொல்லுங்கள். எங்களிடம் இடித்தது கிழங்கு. "கிழங்குக்கா சேர் இவ்வளவு பெருமை" என்று கேட்டான் ஒருத்தன். நுவரெலியாப் பிள்ளைக்குக் கிழங்கென்றால் லொறியில் ஏறும் உருளைக்கிழங்கு. தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கிழங்கென்றால் 1973, 74 பஞ்சம், மாவும் அரிசியும் இல்லாமல் மரவள்ளியையும் கீரையையும் அவித்துத் தின்ற காலம், தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த காலம். ஆக 'யாம்' என்பதற்குக் கிழங்கு என்று எழுதிய அந்த நொடியிலேயே எங்களுக்கு அது ஏழையின் சாப்பாடாகிவிட்டது. ஒகொன்க்வோவின் ஊரில் அது பயிர்களின் ராசா, ஆண்பிள்ளைப் பயிர், ஒருத்தனின் களஞ்சியத்தில் எவ்வளவு அடுக்கியிருக்கிறது என்பதுதான் அவன் மரியாதை. மரவள்ளியும் சேம்பும் அங்கே பெண்களின் பயிர். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும், ஆனால் சிரித்த பிறகுதான் அந்த ஐந்து நிமிடத்துக்கு மதிப்பு. அதேபோல அவர்களுக்குச் சந்தையை வைத்து நாலு நாளுக்கு ஒரு கிழமை. அதைக் கேட்டு ஆச்சரியப்படும் பிள்ளைகளிடம் உங்கள் வீட்டுக் காலண்டர் உண்மையில் எதால் ஓடுகிறது என்று கேட்டேன். பத்தாந் தேதி சம்பளம், தீபாவளி முற்பணம், மாசியில் காமன் கூத்து என்று வந்தது. ஞாயிறு திங்களை யாருமே சொல்லவில்லை.

சிரித்த பிள்ளைகளுக்கு வருவோம். இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் விடுவதையும் பணயமாக வந்த பையன் இக்கெமெஃபூனாவை வெட்டுவதையும் தயவுசெய்து நியாயப்படுத்தாதீர்கள். "அது அவர்கள் கலாசாரம், நாம் மதிக்க வேண்டும்" என்று சொல்லும் ஆசிரியர்களைக் கண்டிருக்கிறேன், கேட்கக் கஷ்டமாக இருக்கும். அச்சிபேயே மூடி மறைக்கவில்லை, அந்த ஊரிலேயே நுவோயே என்ற பையனுக்கு அது உள்ளே முறிகிறது, கிழவர் ஒருவர் இதில் நீ கை வைக்காதே என்று ஒகொன்க்வோவை எச்சரிக்கிறார். ஒரு கிராமம் தனக்குள்ளேயே சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும். நம் கோயில் கமிட்டிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது புதிதில்லை.

சிரிப்பு நிற்பது கடைசிப் பந்தியில். வெள்ளைக்கார மாவட்ட ஆணையாளர் தான் எழுதப் போகும் புத்தகத்தை நினைத்துக்கொண்டு நடக்கிறார், இந்த மனிதனுக்கு ஒரு அத்தியாயம் வேண்டாம், ஒரு பந்தி போதும் என்று. நாம் இருபத்தைந்து அத்தியாயமாகப் பழகிய ஒகொன்க்வோ ஒரு பந்தியாகிறான். அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருங்கள். நம்மையும் டவுனில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் 'தோட்டக்காட்டான்' என்றவர்கள் உண்டு, அது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். சிரித்த பிள்ளையைப் பார்த்து அந்தச் சொல்லை நினைவுபடுத்த வேண்டாம், அது அடிக்கிற மாதிரி. மறுநாள் வேண்டுமானால் துரைமார் எழுதிய தோட்ட நினைவுக் குறிப்பு ஒன்றிலோ பழைய நிர்வாக அறிக்கையிலோ 'கூலி' என்று நம்மைப் பற்றி வரும் ஒரு பந்தியைக் கொண்டுவந்து பக்கத்தில் வையுங்கள். அவ்வளவுதான்.

அந்தப் பையன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, அவனைக் கைவிடாதீர்கள். சி.வி.யா அச்சிபேயா என்று அவன் போட்டியாக வைத்துவிட்டான், ஆனால் சி.வி. ஏற்கெனவே இந்த வகுப்புக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய தன் கவிதையை எழுதியதோ ஆங்கிலத்தில். அதை 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கியவர் சக்தி பாலையா. அந்தப் பையன் கொண்டாடுவது ஒருவேளை அந்தத் தமிழைத்தான். அதே சி.வி. தோட்டத்து மக்களின் பாடல்களையும் தேடித் தொகுத்தார். ஆள்பவனின் மொழியில் எழுதுவதா, தோட்டத்து வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தின் மொழியில் எழுதுவதா என்ற சண்டைதான் அச்சிபேக்கும் கூகிக்கும் இடையில் நடந்தது, நம் ஆள் ஒருவரே இரண்டையும் செய்து பார்த்திருக்கிறார். கூகி வகுப்பை அந்தப் பையனைக் கொண்டே தொடங்குங்கள், சி.வி.யின் ஆங்கில வரிகளை அவன் வாசிக்கட்டும், யாருக்காக இதை ஆங்கிலத்தில் எழுதினார் என்று அவனே கேட்கட்டும்.

கூகியிடம் உங்களுக்கு வேறு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அவர் ஊர் லிமுரு, கிகுயு மக்களின் மண், கென்யாவில் 1903 இல் முதலில் தேயிலை நட்டதே அங்கேதான். தேயிலை, துரை, குளிர், மலை. போதாதா? பிள்ளைகள் துள்ளிக் குதித்து "இது நம்மதான்" என்பார்கள். நானும் அப்படித்தான் வகுப்பை நடத்திக்கொண்டிருந்தேன், உடபலாத்தைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்களப் பிள்ளை, மெதுவாகப் பேசுகிற பிள்ளை, கை தூக்கி, "சேர், நிலம் பறிபோனது அவர்களுக்கு. அப்படிப் பார்த்தால் கிகுயு மக்கள் எங்கள் தாத்தாமார் இல்லையா?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவள் சொன்னது சரி. 1840 இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், 1897 இல் வந்த தரிசு நிலச் சட்டம், இவற்றால் காடும் சேனை நிலமும் போனது கண்டிக் கிராமங்களுக்கு. எங்கள் பாட்டன்மார் அந்தக் காணியில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியிலேயே பலர் செத்து. கென்யாவில் நிலத்தை இழந்தவனும் அதே நிலத்தில் கூலியானவனும் ஒரே ஆள். இங்கே இரண்டு ஆள், அந்த இரண்டு பேரின் பேரப்பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் அடுத்தடுத்த கதிரையில் இருக்கிறார்கள். இதைப் பேச நாட்டில் இடமே இல்லை, லிமுருவைச் சாக்காக வைத்துப் பேசலாம். கவனமாகத்தான் பேச வேண்டும், அந்த மூன்று பிள்ளைகளை முழுச் சிங்களச் சனத்துக்கும் வக்கீலாக்கிவிடாதீர்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை தானாகக் கை தூக்கினாள், நானாகக் கேட்டிருந்தால் கேவலமாகப் போயிருக்கும்.

எங்களுக்கு நெருக்கம் தேடுகிறவர்கள் டிரினிடாட், மொரீசியஸ் பக்கம் போகலாம், கரும்புக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். அங்கேயும் அப்படியே ஒட்டாது. அவர்கள் பல வருட ஒப்பந்தத்தில் கப்பலேறினார்கள், நம்மைக் கட்டி வைத்தது கங்காணியிடம் பட்ட கடனும் 1921 வரை இருந்த துண்டு முறையும், அதாவது கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவோம் என்று எழுதிய சீட்டு.

கூகியின் நாடகக் கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1977 இல் கமிரீத்து என்ற ஊரில் சனங்களே திறந்தவெளி அரங்கு கட்டி, தொழிலாளரும் விவசாயிகளுமே நடித்து, கிகுயு மொழியில் நாடகம் போட்டார்கள். கொஞ்ச நாளில் தடை, வருடக் கடைசியில் கூகிக்குச் சிறை, விசாரணையே இல்லாமல் ஒரு வருடம். அதே ஆண்டு ஆங்கிலத்தில் வந்த அவருடைய கடுமையான நாவலைப் பொறுத்துக்கொண்ட அரசாங்கம், சனம் தன் மொழியில் நடித்ததைப் பொறுக்கவில்லை. அடுத்த நாவலைச் சிறையிலேயே கழிவறைத் தாளில் கிகுயுவில் எழுதினார். காமன் கூத்தில் ரதியாக வேஷம் கட்டின பையன் யாராவது உங்கள் வகுப்பில் இருப்பான். தோட்டமே சேர்ந்து ஆடுகிற அந்தக் கூத்துக்கு ஏன் எந்தத் துரையும் பயப்படவில்லை என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு வருடம் கிடைத்த பதில்: "பயந்திருப்பாங்க சேர், நமக்குத்தான் சொல்லல."

பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசின பிள்ளையின் கழுத்தில் 'நான் மடையன்' என்ற தகட்டைத் தொங்கவிட்டதையும் கூகி எழுதியிருக்கிறார். தமிழ் பேசினால் குற்றப்பணம் வாங்கும் இடங்களில் படித்த டவுன் பிள்ளைகள் உங்களிடம் இருந்தால் அந்தப் பக்கம் தானாகவே ஓடும், நீங்கள் தள்ள வேண்டியதில்லை.

இனிப் படம். செம்பேனின் 1966 ஆம் ஆண்டுப் படம் 'Black Girl'தானே, டக்காரிலிருந்து பிரான்சுக்கு வீட்டு வேலைக்குப் போகும் தியுவானாவின் கதை? இதில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். முதல் தடவை போட்டபோது, பிள்ளைகளை உசுப்ப வேண்டும் என்று, "உங்களில் யார் வீட்டில் கொழும்பு வீட்டுக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போயிருக்கிறார்கள், கை தூக்குங்கள்" என்றேன். கைகள் எழும்பின. பெரிய கெட்டிக்காரத்தனம் செய்த மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. படம் பாதியில் ஒரு பிள்ளை எழும்பி வெளியே போய் அந்தக் குளிரில் தாழ்வாரத்தில் நின்றாள். அவளுடைய அம்மா அப்போது வளைகுடாவில் ஒரு வீட்டில், பல மாதமாகக் கடிதமோ பணமோ இல்லை. கை தூக்காத பிள்ளை அவள். படத்தின் முடிவில் தியுவானா தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள், அதை நான் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. மிச்ச வகுப்புக்கு அது ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அவளுக்கு இல்லை.

ஆகவே முடிவை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், சஸ்பென்ஸ் போனால் போகட்டும். விரும்பாதவர் வெளியே இருக்கலாம், காரணம் கேட்கப்பட மாட்டாது என்றும் சொல்லுங்கள். படம் முடிந்ததும் யாரையாவது தனியாகக் கவனிக்க வேண்டியிருந்தால் கவனியுங்கள். வீட்டுக் கதையை ஒருபோதும் கேட்டு வாங்காதீர்கள். படத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள், சொல்ல வேண்டியவர்கள் படத்தை வைத்தே தங்கள் கதையைச் சொல்லிவிடுவார்கள்.

தூங்குகிறார்கள் என்ற பயம் வேண்டாம், படம் ஒரு மணி நேரம் போலத்தான். ஒரே மூச்சில் போடாமல் இரண்டு நாளாக்குங்கள். முதல் பத்து நிமிடத்தைச் சத்தமில்லாமல் போட்டு, என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள், என்ன விளங்கியது என்று கேட்காதீர்கள். உடுப்பு, சுவர், சமையலறை, கதவு என்று வரும். டக்காரில் வேலை தேடும் பெண்கள் தெருவோரம் உட்கார்ந்திருக்க, வெள்ளைக்கார மடம் (madame) வந்து பார்த்துத் தெரிவு செய்யும் காட்சி ஒன்று உண்டு. மற்றவர்கள் முண்டியடிக்க, பின்னால் பேசாமல் நிற்கிறவளைத்தான் மடம் எடுக்கிறாள். லயத்துக்குத் தரகர் வந்து பிள்ளை பார்த்துப் போவதை அறிந்தவர்களுக்கு அதில் என்ன தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது நாளுக்கு இரண்டு கேள்வி போதும். ஒன்று, தியுவானா வாய் திறந்து பேசுவது கொஞ்சம், மனதுக்குள் பேசுவது நிறைய. அந்த மனக்குரல் சரளமான பிரெஞ்சில் ஓடுகிறது, அதுவும் நடித்தவளின் குரல் கிடையாது, வேறொருவருடையது. அவள் மனம் எந்த மொழியில் நினைத்திருக்கும்? கூகியைப் படித்துவிட்டு வரும் வகுப்பு இதை விடாது. மற்றது அந்தக் கடிதக் காட்சி. அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது, அம்மாவுக்கும் எழுதத் தெரியாது, யாரோ எழுதியது. இங்கே முதலாளி வாசித்துக் காட்டிவிட்டு, அவளுக்குப் பதிலாகப் பதிலும் எழுதத் தொடங்குகிறார், நான் நலம் என்று. அவள் கடிதத்தைக் கிழிக்கிறாள். கணக்குப்பிள்ளையிடமும் தலைவரிடமும் கடிதம் எழுதுவித்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அந்தக் கடிதங்களில் யாருடைய சொல் போயிற்று? எனக்கு எந்த வகுப்பிலும் இந்தக் காட்சிக்குப் பிறகு நேரம் போதவில்லை.

செம்பேன் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், முதலில் நாவல் எழுதினார், தன் சனத்தில் பெரும்பாலானோருக்கு வாசிக்க ஏலாது என்றுதான் சினிமாவுக்குப் போனார், சினிமாவை இரவுப் பள்ளிக்கூடம் என்றார். 1968 இல் செனகல் மக்களின் வோலோஃப் மொழியிலேயே 'மண்டாபி' என்று ஒரு படம் எடுத்தார். பாரிசிலிருந்து மருமகன் அனுப்பிய காசுக்கட்டளையை மாற்ற ஒரு ஆள் அலைகிறான், அடையாள அட்டை கேட்கிறார்கள், அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள், அதுவும் இல்லை. பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் ஒரு சனிக்கிழமை போட்டுக் காட்டுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, அட்டையில் வேறு பெயர் என்று அரசாங்கக் கச்சேரிக்கு நடந்த அப்பாமாரின் பிள்ளைகள் அதில் சிரிக்கும் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும்.

அந்தப் படத்துக்கு அப்புறம் பாடத்தின் தலைப்பில் உள்ள 'பின்' என்ற சொல்லை வகுப்பில் போடலாம், அதற்கு முன் போட்டால் வரட்டு விவாதமாகிவிடும். எங்களுக்கு அந்தப் 'பின்' எப்போது தொடங்கியது? 1948 பெப்ரவரியில் நாட்டுக்குச் சுதந்திரம், அதே ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டத்தில் நாங்கள் நாடற்றவர்கள். 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1975 இல். முகாமையாளரை இன்றைக்கும் துரை என்றுதான் கூப்பிடுகிறோம். பிள்ளைகள் ஆளுக்கொரு ஆண்டைச் சொல்வார்கள், ஒருத்தி "இன்னும் தொடங்கல" என்பாள். எதையும் சரி பிழை என்று தீர்க்காதீர்கள், கினிகத்தேனைப் பிள்ளைகள் வேறு ஆண்டு சொன்னால் அதையும் எழுதுங்கள்.

பரீட்சைக்கு இது உதவுமா என்று உங்கள் நிலையத்தில் கேட்பார்கள். உதவும், 'ஒப்பிடுக' என்று வரும் எந்தக் கேள்விக்கும். போதாவிட்டால் கடைசி இரண்டு கிழமை பழைய வினாத்தாள் செய்யுங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

இங்கிலிஷில் தடுமாறும் பிள்ளைகளுக்கு என்.கே. மகாலிங்கத்தின் 'சிதைவுகள்' இருக்கிறது, அச்சிபேயின் அந்த நாவலின் தமிழாக்கம். கூகி சிறையில் எழுதின நாவலும் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று தமிழில் இருக்கிறது, அமரந்தாவும் சிங்கராயரும் செய்தது. அச்சிபேயின் ஆங்கில நாவலையும் 'சிதைவுகள்' நூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிழங்கு, கோலா, சி மூன்றுக்கும் தமிழில் என்ன போட்டிருக்கிறது என்று பிள்ளைகளைத் தேட விடுங்கள். நானே அப்படி ஒரு வகுப்பைக் கடைசி வருடத்தில்தான் செய்தேன், முன்னாலேயே செய்திருக்கலாம்.

படம் போடும் நாளில் கரண்டை நம்பாதீர்கள், ஜூன் ஜூலை மழை என்றால் உங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மடிக்கணினியை முதல் நாளே சார்ஜ் பண்ணி வையுங்கள், யன்னலுக்குக் கறுப்புத் துணி தேட வேண்டாம், பின்னேரம் மூன்று மணிக்குப் பனிமூட்டம் வந்துவிடும்.